பத்தரை மணிக் கையெழுத்து

ஜூன் 3, செவ்வாய்

இது ஓர் உரக்கடை புதுவருஷத்துக்கு இலவசமாகக் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு விவசாயக் குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு, வாழையில் பக்கக் கன்று நீக்குவது எப்படி என்று போட்டிருக்கிறது. எனக்கு வாழையும் கிடையாது, தோட்டமும் கிடையாது. மனைவி அவள் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. அவளைக் குறை சொல்ல முடியாது.

எழுதச் சொன்னது பெரியாஸ்பத்திரி மனநல டாக்டர். "குடிக்கணும்னு தோணுறப்பல்லாம் எதையாச்சும் எழுதுங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தால் இந்த டைரி வெள்ளிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. வலது கை மாவுக்கட்டில் தொங்குகிறது. எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் ஒடிந்தது.

என் பெயர் ஆவுடையப்பன். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, மைக் ஆவுடை என்று கேட்க வேண்டும். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது தொழில். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, கோயில் கொடை, காணாமல் போன ஆடு, எல்லாம் என் குரல்தான். குடிப்பது உபதொழில்.

கேஸ் இதுதான். ஒரு தென்னந்தோப்பில் பம்புசெட் மோட்டாரின் செம்புக் கம்பியை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அந்த பம்புசெட் ரூமுக்குள் நான் நிறைபோதையில் படுத்துக் கிடந்தேன். திருடிவிட்டு அதே இடத்தில் படுத்துக் காவலும் காத்த திருடன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். போலீஸுக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஜெயிலில் கொஞ்ச நாள். பிறகு நிபந்தனை ஜாமீன். ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி, இந்த மேலச்சத்திரத்தில் தங்கி, தினமும் காலை பத்தரை மணிக்கு இங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மறு உத்தரவு வரும் வரை. ஒரு நாள் தவறினாலும் ஜாமீன் ரத்து, மறுபடியும் ஜெயில். வாழ்க்கையில் எந்த வேலைக்கும் நேரத்துக்குப் போகாதவனுக்கு கோர்ட்டார் பார்த்துப் பார்த்து ஒரு தண்டனை கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

முதல் கையெழுத்து. ஏட்டு பெயர் தங்கமாயன். பெரிய மீசை, சின்னக் குரல். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு மாவுக்கட்டைப் பார்த்தார்.

"என்னய்யா கையில?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

"வீட்டு பாத்ரூமா, ஸ்டேஷன் பாத்ரூமா?"

"ஸ்டேஷன்ல."

இடது கையால் போட்ட கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கையெழுத்தா, கரப்பான் ஓடுன தடமா? சரி, நாளைக்கும் இதே மாதிரி போடு" என்றார். இதே மாதிரி மறுபடியும் போட என்னாலேயே முடியாது என்று சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

என் லாட்ஜுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் சரியாக ஒரு டாஸ்மாக். கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு. என் கையெழுத்து பத்தரைக்கு. ஆக போகும்போது கடை மூடியிருக்கும், நான் யோக்கியன். திரும்பும்போது எங்காவது உட்கார்ந்துவிட்டால் கடை திறந்துவிடும். அதனால் கையெழுத்துப் போட்ட கையோடு மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றி ஓட்டமும் நடையுமாக ரூமுக்கு வந்துவிடுகிறேன். மீன்காரம்மா ஒருத்தி தினமும் என்னைப் பார்த்து, "என்னண்ணே, வயித்துக்குச் சரியில்லையா?" என்று கேட்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கையெழுத்து உண்டு. சர்ச்சுக்கும் கோயிலுக்கும் போகாத பாவம்.

ஜூன் 10, செவ்வாய்

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கட்டைக் காட்டப் போனேன். எலும்பு டாக்டர் இளவயது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார். சொன்னேன்.

"எந்த ஸ்டேஷன்?" என்றார்.

பாத்ரூம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் சிரித்தேன். இந்த மாநிலத்தில் பாத்ரூம் என்றால் எல்லாருக்கும் விலாசம் தெரிந்திருக்கிறது.

பாதம் இரண்டும் இன்னும் காலையில் தரையில் வைக்க முடியவில்லை என்பதையும் சொன்னேன். உள்ளங்காலை அமுக்கிப் பார்த்தார். "வழுக்கும்போது உள்ளங்கால்ல எப்படிப்பா அடிபடும்?" என்றார். வழுக்குவது காலில்தானே டாக்டர் என்றேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 13, வெள்ளி

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. போலீஸ் வேலை.

சாலைப் பாதுகாப்பு வாரமாம். ஸ்டேஷன் வாசலில் மைக் கட்டியிருந்தார்கள். பேசிய கான்ஸ்டபிள் பையனுக்கு மூச்சு முட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மைக்க வாய்க்கு நேரா வைக்காதீக, ஓரமாப் பிடிங்க" என்று சொல்லித் தொலைத்தேன். ஏட்டய்யா விசாரித்தார். தொழிலைச் சொன்னேன். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

மைக்கைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. அது என்ன மாயமோ. "அன்பார்ந்த வாகன ஓட்டிகளே, குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர். குடி குடும்பத்தைக் கெடுக்கும். உங்களுக்காக வீட்டில் ஒரு ஜீவன் காத்திருக்கிறது" என்று அரை மணி நேரம் இழுத்துவிட்டேன். ரோட்டில் போன ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பிறகு "காவல்துறை உங்கள் நண்பன்" என்று ஒரு சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். மாவுக்கட்டோடு நின்று அதையும் படித்தேன்.

ஏட்டய்யா டீ வாங்கிக் கொடுத்தார். "மைக்கு, உனக்கு வெண்கலக் குரலுய்யா. அதைப் போயி சாராயத்துல ஊறப் போட்டிருக்கியே" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

லாட்ஜில் தண்ணீர் வரவில்லை என்று பிளம்பர் வந்தான். தோளில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். மாடிப்படியில் ஏறும்போது அது சுவரில் டக் டக் என்று இடித்துக்கொண்டே வந்தது.

நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். எப்போது போனேன் என்று தெரியவில்லை. ஒரு கை கட்டோடு இந்த உடம்பு இந்த இடுக்கில் நுழைந்ததே ஒரு சர்க்கஸ்தான். பிளம்பர் குனிந்து பார்த்து, "சார், பைப்பு அங்கிட்டுப் போகலையே" என்றான். செருப்பைத் தேடுகிறேன் என்றேன். வேட்டி நனைந்திருந்தது. தண்ணீர் வராத லாட்ஜில் வேட்டி மட்டும் எப்படி நனைந்தது என்று அவன் கேட்கவில்லை, நல்ல பையன்.

ஜூன் 17, செவ்வாய்

வக்கீல் மெர்சி போன் செய்தார். இலவச சட்ட உதவியில் எனக்கு வாய்த்த வக்கீல். பிள்ளை வயது, ஆனால் என்னை அதட்டுவார்.

"அண்ணாச்சி, ஜெயசீலன் விஷயத்துல மாஜிஸ்திரேட் விசாரணை ஜூலை ஒன்பதாம் தேதி. உங்களுக்கு சம்மன் வரும். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கையெழுத்துல இருந்து விலக்கு வாங்கியிருக்கேன். நீங்க வந்து கேட்டதைச் சொல்லணும்."

"நான் என்னத்தம்மா கேட்டேன்?"

"அதை எங்கிட்ட ஜெயில்ல அழுதுகிட்டே சொன்னீங்க."

எனக்கு அழுதது நினைவில்லை. அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை.

ஜெயசீலனைப் பற்றி இந்த டைரியில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தத் தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர். மோட்டார் கம்பி கேஸில் எனக்கு மறுநாள் அவரையும் கூட்டி வந்தார்கள். நான் முகம் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் இருந்தார், நடுவில் சுவர். அடுத்த நாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி என்று ஸ்டேஷனில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ராத்திரி அந்தக் கட்டிடத்தில் போலீஸ் இல்லாத ஆள் என்றால் அவரும் நானும்தான். அவர் பேசப் போவதில்லை. அதனால்தான் எனக்கு இந்த மதிப்பு.

ஜூன் 18, புதன்

டாக்டர் சொன்னபடி எழுதிப் பார்க்கிறேன். குடிக்கத் தோன்றுகிறது.

பல வருஷமாகக் குடிக்கிறவனுக்குத் திடீரென்று சரக்கு நின்றால் மூளை படம் ஓட்டும் என்று அதே டாக்டர்தான் சொன்னார். உண்மைதான். அந்த இரண்டாம் ராத்திரி லாக்கப் சுவரில் கட்டெறும்புகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குழாய் ஸ்பீக்கர். செத்துப்போன என் அப்பா வந்து, "வால்யூமைக் குறைலே" என்று அதட்டினார். இவ்வளவையும் கண்ணால் கண்டேன். சத்தியமாகக் கண்டேன்.

அதே ராத்திரிதான் சுவருக்கு அந்தப்பக்கம் அந்தச் சத்தமும் கேட்டது. அப்படியானால் அது மட்டும் எப்படி நிஜமாகும்? எறும்பு பொய் என்றால் சத்தமும் பொய்தான். கணக்கு சரியாக வருகிறது. நான் எதையும் கேட்கவில்லை. கேட்டது என் மூளை ஓட்டிய படம். வக்கீலம்மாவிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 21, சனி

எங்கள் ஊர் ஸ்டேஷன் ரைட்டர் சங்கரபாண்டி என்னைப் பார்க்க வந்தார். இவ்வளவு தூரம், பஸ் ஏறி, லீவு போட்டு. சொந்தத் தங்கச்சி கூட எட்டிப் பார்க்கவில்லை. கையில் ஆரஞ்சு, ரொட்டி, ஒரு காக்கிக் கவர்.

"என்ன அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கியளா? கை எப்படி இருக்கு?"

"சேர்ந்துகிட்டு இருக்கு சார்."

"பாத்து நடக்கணும் அண்ணாச்சி. வழுக்கிறும்."

கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்து என் கையில் கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒன்பதாம் தேதி கேட்டால், 'நான் குடிகாரன், அன்றைக்கு நிதானத்தில் இல்லை, ஒன்றும் தெரியாது' என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லையே. அப்படிச் சொல்லிவிட்டால் மோட்டார் கம்பி கேஸில் என் பெயரை எடுத்துவிடுவார்கள். கையெழுத்தும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம், ஆடித் தள்ளுபடிக்குள் வீட்டில் இருக்கலாம்.

"இல்லன்னா?" என்றேன்.

"இல்லன்னா பழைய கேஸு எவ்வளவோ கிடக்கு அண்ணாச்சி. எல்லாத்துக்கும் ஒரு ஆளு வேணும்லா."

போகும்போது காக்கிக் கவரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு ஆஃப். என் பிராண்ட். எப்.ஐ.ஆரில் என் அப்பா பெயரைத் தப்பாக எழுதினார்கள். பிராண்டை மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கவரைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான்.

ஜூன் 25, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் லாட்ஜ் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சேலை, மடியில் ஒரு துணிப்பை. ஜெயசீலனின் மனைவி, அமலோற்பவம். வக்கீலம்மாவிடம் விலாசம் வாங்கி வந்திருக்கிறார். பக்கத்து ஹோட்டலில் உட்காரவைத்து டீ சொன்னேன். குடிக்கவில்லை, ஆறவிட்டார்.

சாட்சி சொல்லுங்கள் என்று கெஞ்சப் போகிறார், எறும்புக் கதையைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"அவிய கடைசியா தண்ணி கிண்ணி கேட்டாவளா அண்ணாச்சி?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. நான் நிதானத்துல இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். "போஸ்ட்மார்ட்டத்துல இடது தோள் ஒடிஞ்சிருக்குன்னு போட்டிருக்காவ. அது மரத்துல இருந்து விழுந்த பழைய காயம்னு ஸ்டேஷன்ல சொல்லுதாவ. விழுந்தது நெசந்தான். தோள்ல கம்பி வச்சுத் தச்சிருந்தோம். ஆனா நல்லா சேந்துட்டு அண்ணாச்சி. மறுபடியும் மரம் ஏறுனாவளே. ஒடஞ்ச தோளை வச்சுக்கிட்டு யாராவது மரம் ஏறுவாவளா?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"கம்பியா?" என்றேன்.

"ஆமா. ஸ்டீல் கம்பி. வீட்டுல கூட யாரையும் அந்தத் தோளைத் தொட விடமாட்டாவ."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தேன்.

அந்த ராத்திரி சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குரல் சொன்னது: "அந்தத் தோள் மட்டும் வேண்டாம்யா. அதுல கம்பி இருக்குய்யா." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னது. அது என்ன கம்பி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மோட்டார் கம்பியைத்தான் உளறுகிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் கம்பி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பார்த்ததே இல்லாத ஆளின் தோளில் என் மூளை எப்படிக் கம்பி வைக்கும்?

எறும்பு பொய். இது பொய் இல்லை.

பீரோ சாவி சட்டைப் பையில் இருக்கிறது. எழுதிக்கொண்டே இருக்கிறேன் டாக்டர். எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

குடித்துவி

ஜூன் 27, வெள்ளி

நேற்று பத்தரைக்கு நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்திருக்கிறேன். நினைவு வரும்போது மதியம். பக்கத்தில் மப்டியில் ஏட்டய்யா நிற்கிறார். கக்கத்தில் துண்டு, துண்டுக்குள் கையெழுத்து நோட்டு. ஸ்டேஷன் நோட்டை இப்படி வெளியே எடுத்து வரக்கூடாது என்பது எனக்கே தெரியும்.

முகத்தில் தண்ணீர் அடித்து என்னை உட்காரவைத்தார். பேனாவை விரலுக்குள் சொருகினார். போட்டேன். இதுவரை போட்டதிலேயே மோசமான கையெழுத்து.

"எதுக்கு சார் இதெல்லாம்?" என்றேன்.

"நீ வரலேன்னா நான் ரிப்போர்ட்டு எழுதணும். எழுதச் சோம்பேறித்தனம்" என்றார். நோட்டைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டே, "உங்க ஊரு ரைட்டரு நாலஞ்சு நாளா விடாம போன் பண்றாரு. ஆளு வந்தானா, கையெழுத்துப் போட்டானான்னு. ஒரு திருட்டுக் கேஸுக்கு இம்புட்டு அக்கறையான்னு பார்த்தேன். இங்க வந்து பார்த்தா பாட்டில் கிடக்கு. நீ வாங்குனதா?"

"அவரு கொடுத்தது."

"அதானே."

ஆக, நான் குடிப்பேன் என்று என்னைவிட அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. ஒன்பதாம் தேதி நான் ஜெயிலில் இருந்து, ஜாமீன் நிபந்தனையை மீறிய குடிகாரனாக மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்றிருப்பேன். வெட்கமாக இருந்தது. ஒரு ஆஃப் பாட்டிலுக்குள் என்னை அடக்கிவிட்டார்களே என்ற கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

ஏட்டய்யா வாசல்வரை போய் நின்றார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"எங்க ஸ்டேஷன்லயும் பாத்ரூம் இருக்கு மைக்கு. அங்கயும் வழுக்கத்தான் செய்யும். நான் யோக்கியன்னு நெனச்சுக்கிறாத. நீ அங்க போயி என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா போறப்ப வாயில வாடை இல்லாமப் போ."

ஜூலை 3, வியாழன்

வாடை இல்லை. கை நடுங்குகிறது. இன்றைய விவசாயக் குறிப்பு: மானாவாரி நிலத்தில் மழைக்குக் காத்திருக்கும்போது பதற்றம் கூடாது. எழுதியவன் குடியை விட்டவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

பஸ்ஸில் வைத்து எழுதுகிறேன். நாளைக்குப் பத்தரைக்கு மேலச்சத்திரத்தில் இருந்தாக வேண்டும். குலுக்கலில் எழுத்து இன்னும் அழகாக வருகிறது.

எங்கள் ஊர் கோர்ட்டில்தான் விசாரணை. மாஜிஸ்திரேட் ஒரு பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்துக் கேட்டார். வக்கீல் மெர்சி பின்னால் இருந்தார். வராந்தாவில் ரைட்டர் சங்கரபாண்டி யார் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கதவு மூடியும் அவர் சிரிப்பு கேட்டது.

"அன்னைக்கு ராத்திரி நீங்க குடிச்சிருந்தீங்களா?"

"இல்லம்மா. ரொம்ப வருஷம் கழிச்சு நான் குடிக்காம இருந்த ரெண்டாவது ராத்திரி அது."

"போதை தெளியுற நேரத்துல இல்லாததெல்லாம் தெரியும்னு டாக்டர் சொல்றாரே. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுதும்மா. எறும்பு ஸ்பீக்கர் கட்டிக்கிட்டுப் போச்சு. எங்க அப்பா வந்து ஏசினாரு. அதெல்லாம் பொய்தான்." அவர் எழுதுவதை நிறுத்தினார். என் வாயாலேயே என் சாட்சியைக் கெடுத்துவிட்டேன் என்று மெர்சி பெருமூச்சு விட்டது கேட்டது. ஆனால் நான் நிறுத்தவில்லை. தோளில் கம்பி இருக்குய்யா என்று சொன்ன குரலைச் சொன்னேன். அந்த ஆளை நான் முன்னேபின்னே பார்த்ததில்லை என்பதையும், கம்பி விஷயம் அமலோற்பவம் சொல்லித்தான் பிறகு எனக்கு விளங்கியது என்பதையும் சொன்னேன். எந்தெந்தக் குரல் அடி என்றது, எது சிரித்தது என்றும் சொன்னேன். பெயரோடு. அதில் ஒரு குரல் அப்போதும் வராந்தாவில் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார்கள். முடிந்தது என்று எழுந்தேன்.

"உங்க கை எப்படி ஒடிஞ்சது?" என்றார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்மா."

அது வாயிலிருந்து தானாக வந்தது. எத்தனையோ பேரிடம் சொன்னது. ரிமாண்டுக்குக் கொண்டு போனபோது, பின்னால் ஒரு கை என் தோளைப் பிடித்திருக்க, இன்னொரு மாஜிஸ்திரேட்டிடமும் இதையேதான் சொன்னேன். மெர்சி தலையில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்படியே பதிவு பண்ணிக்கவா?"

வேறு யாரோ அடிபட்டதைச் சொல்ல முடிந்த எனக்கு, நான் அடிபட்டதைச் சொல்ல வெட்கம். ஐம்பத்து நாலு வயது ஆள் ஐயோ அப்பா என்று கத்தியதை ஒரு பெண்பிள்ளை டைப் அடிக்க வேண்டுமா என்றுதான் இருந்தது.

"அம்மா, அந்த ஸ்டேஷன்ல பாத்ரூமே கிடையாதும்மா" என்றேன். "பின்னால கருவக்காட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவாவ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டிக் குழாய், பெஞ்சில் கையை வைத்தது, உள்ளங்கால். டைப் அடித்த பெண் நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

விசாரணை எப்போது முடியும், யாருக்கு என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார் மெர்சி. என் கையெழுத்து நிற்காது, கேஸ் இன்னும் கூடத்தான் செய்யும். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன். ஆடித் தள்ளுபடி இந்த வருஷம் எனக்கில்லை.

கோர்ட் படியில் அமலோற்பவம் காத்திருந்தார்.

"அவிய வேற ஒண்ணும் சொல்லலியா அண்ணாச்சி?"

இந்தத் தடவை மறைக்கவில்லை. "முதல்ல, அடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, சுவத்தைத் தட்டிக் கேட்டாரு. 'அண்ணாச்சி, உங்களையும் அடிச்சாவளா'ன்னு. பாத்ரூம்ல வழுக்கிட்டேன் தம்பின்னேன். சிரிச்சாரு. நல்லாச் சிரிச்சாரு."

"அவியளுக்குச் சிரிப்பு வந்துட்டா அடக்க முடியாது" என்று சொல்லிச் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பிறகு சொன்னார். இன்று சாயங்காலம் கல்லறையில் சிலுவை வைத்து, ஜெபம் சொல்லி மந்திரிக்கிறார்கள். அடக்கத்தன்று தெருமுனையில் போலீஸ் வண்டி நின்றதால் ஊருக்கு யாரும் சொல்லவில்லை, வீட்டு ஆட்கள் மட்டும் அவசரமாகப் புதைத்துவிட்டு வந்தார்கள். "ஒருத்தருக்கும் சொல்லாம மண்ணைத் தள்ளிட்டோம் அண்ணாச்சி. இப்பவாவது ஊருக்குச் சொல்லணும்."

என்னோடு எப்போதும் ஓடும் ஆட்டோ டிரைவர் செல்வினுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரோடு வந்தான். மைக்கை இடது கையில் பிடித்துக்கொண்டேன். அமலோற்பவம் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மரண அறிவிப்புக்கு எனக்குச் சீட்டு தேவையில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேரை நான்தான் வழியனுப்பியிருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே. மேலத்தெரு மரியசூசை அவர்களின் மகனும், அமலோற்பவம் அவர்களின் கணவருமான ஜெயசீலன் அவர்கள், கர்த்தருக்குள் நித்திரை..."

அமலோற்பவம் என் முழங்கையைத் தொட்டார். மைக்கை மூடிக்கொண்டேன்.

"நித்திரை இல்ல அண்ணாச்சி" என்றார்.

ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்திருந்தது. முன்னால் ஸ்டேஷன். வாசலில் ரைட்டர் சங்கரபாண்டி, கையில் டீ கிளாஸோடு, என்னைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் ஒளியும் அந்தப் பயம் திரும்பி வந்தது. செல்வின் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வேகமாகப் போகட்டுமா என்று கேட்கிற பார்வை. மெதுவாகப் போ என்றேன்.

"ஜெயசீலன் அவர்கள், நமது ஊர்க் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் கல்லறை மந்திரிப்பு இன்று மாலை ஆறு மணிக்கு நடைபெறும். அனைவரும் வரவும்."

இரண்டு தடவை சொன்னேன். எங்கள் தொழிலில் எதையும் இரண்டு தடவை சொல்வதுதான் வழக்கம்.